வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி: வந்த கதையும் போகாத கதையும்



போன பதிவில் பஞ்சாயத்து ரேடியோ பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது ஓசூரில் குடும்பத்தோடு இருக்கும் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "டீச்சர், கீழ்பென்னாத்தூர்ல எங்க அம்மா வீட்டுப் பரண்ல கலைஞர் டிவி கிடக்குது. ஓடல. பழைய இரும்புக்காரர் வேணாங்கறார். குப்பை வண்டியிலயும் ஏத்த மாட்டேங்கறாங்க. அதை என்னதான் பண்றது?" (கலைஞர் டிவி என்றால் சேனல் இல்லை. இலவசமாக வந்த பெட்டிக்கு நம் பக்கம் அதுதான் பெயர்.)

இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியை மூன்று மாதத்தில் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் விசாரித்துப் பார்த்தேன். பாதி வீடுகளில் பரணிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, மாட்டுக்கொட்டகையிலோ ஒரு பெட்டி இருக்கிறது. இத்தனை வீட்டில் ஒரே சிக்கல் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை கிடையாது.

டிவி வருவதற்கு முன்பு நம் வீடுகளில் இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் வீட்டைவிட்டுப் போகும் வழி ஒன்று இருந்தது. மண்சட்டி உடைந்தால் பெரிய ஓடு கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும், மிச்சம் மண்ணோடு மண்ணாகப் போகும். பித்தளை அண்டா ஓட்டையானால் பற்றவைக்க ஆள் வருவார். பற்றவைக்கவும் முடியாமல் போனால் திருவண்ணாமலைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, மேலே கொஞ்சம் பணம் கொடுத்துப் புதுசு வாங்கி வருவோம். பழைய துணிக்கு எவர்சில்வர் கிண்ணம் தரும் கூடைக்கார அம்மாவை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாலு நல்ல புடவைக்கு ஒரு டம்ளர் என்று அவர் பேசும் பேரம் இருக்கிறதே, நான் கழித்தல் கணக்கு கற்றதே அங்கேதான்! துருப்பிடித்த இரும்புக்குப் பேரீச்சம்பழம். எதற்கும் ஆகாத பாய், முறம், துடைப்பம் எல்லாம் போகிக்கு. உபயோகம் இல்லாத எதையும் "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்று இன்றும் சொல்கிறோமே, அது ஒரு காலத்தின் ஏற்பாட்டை நினைவில் வைத்திருக்கும் பேச்சு. பொருளை வாங்க ஒரு கடை இருந்தால், அதைக் கொடுக்கவும் ஓர் ஆள் தெருவில் வருவார்.

இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காமல் வந்த முதல் பெரிய பொருள் டிவி பெட்டி.

அது வந்த தேதிகள் எல்லாம் நமக்குத் தெரியும். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. வண்ணம் வந்தது 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. நம் பக்கம் அப்போது வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல்தான். சென்னைக் கோபுரத்திலிருந்து நாம் இருக்கும் தூரத்துக்குப் படம் சுலபமாக வராது. வீட்டு உயரத்துக்கு மேல் இன்னொரு வீட்டு உயரம் இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் மீன்முள் மாதிரி ஆன்டெனா கட்டி, கீழே பூஸ்டர் வைத்தால், மழை பெய்வது போன்ற புள்ளிகளுக்கு நடுவே வயலும் வாழ்வும் தெரியும். காற்றடித்தால் ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று "வந்துச்சு... போச்சு..." என்று கத்த, உள்ளே ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்க்க, மூன்று பேர் வேலை அது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து 1986-ல் வேலைக்குச் சேர்ந்தபோது, நான் போன ஊரில் ஒரே ஒரு டிவிதான். மரச் சட்டம், இழுத்து மூடும் ஷட்டர், அதற்குப் பூட்டு. வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும் பார்க்க அந்த வீட்டுத் திண்ணை வரை கூட்டம் இருக்கும். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது இறுதி ஊர்வலத்தைப் பார்க்க, அந்த வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கி வாசலிலேயே வைத்துவிட்டார்.

இன்னொரு செய்தி இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். ரேடியோவுக்கும் டிவிக்கும் அப்போது லைசென்ஸ் உண்டு. தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். 1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. எந்த வீட்டில் என்ன பெட்டி இருக்கிறது என்று அதுவரை அரசாங்கத்துக்கு வீட்டு வாரியாகத் தெரிந்திருந்தது. இந்தத் தபால் ஆபீஸ் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், நினைவில் வையுங்கள்.

அந்த நாட்களில் யாரும் டிவியைத் தூக்கிப் போட்டதில்லை. அது சாகவே சாகாது. பணக்கார வீட்டில் பத்து வருஷம், பிறகு அவர்கள் வீட்டில் வேலை செய்பவர் வீட்டில் ஐந்து வருஷம், பிறகு டீக்கடையில். டியூப் மங்கிப்போனால் மெக்கானிக் வேறு டியூப் மாற்றுவார். போர்டு போனால் அதே டியூபில் சைனா போர்டு பொருத்தி, ஏதோ ஒரு பெயரை ஒட்டி, வேறொரு டிவியாக்கி விற்றுவிடுவார். கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் ஒரு டிவி மெக்கானிக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்காத வீடு கிடையாது!

பிறகு 2006. சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, டிவி இல்லாத குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. ஆட்சிக்கு வந்ததும் முதல் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 750 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் வைத்து வாங்கியது. முதல் கட்டமாக 30,000 பெட்டிகள். அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2011 வரை ஊர் ஊராக விழா. முடிவில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. வீட்டுக்கு வீடு ஒரே மாதிரிப் பொருளை இத்தனை எண்ணிக்கையில் ஓர் அரசு கொண்டுபோய்ச் சேர்த்தது உலகத்திலேயே அபூர்வமான காரியம்.

நான் அந்தத் திட்டத்தைக் கேலி செய்கிற ஆள் இல்லை. கேலி செய்தவர்கள் பலர் வீட்டில் ஏற்கெனவே 29 அங்குலம் இருந்தது. அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்து, "போங்கடா" என்று துரத்தப்பட்ட பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். பெட்டி வந்த மறுநாள் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்த தோரணையே வேறு. டோக்கனும் ரேஷன் கார்டுமாக வரிசையில் நின்று வாங்கி, சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, ஏரிக்கரை வழியாக வரிசையாகப் போனார்களே, அந்தக் காட்சியை இங்கே படிக்கும் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். சிலர் அந்தச் சைக்கிளில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்!

திட்டத்தை எதிர்த்து வழக்கும் போடப்பட்டது. மதுரைக் கிளையில் தள்ளுபடியாகி உச்ச நீதிமன்றம் போய், 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் ஆட்சி மாறி மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்துவிட்டதால் அவையும் வழக்கில் சேர்ந்துகொண்டன. நீதிபதிகள் சதாசிவமும் ரஞ்சன் கோகோயும் சொன்னது: இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, தேர்தல் அறிக்கைகளுக்குத் தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்கட்டும். பொதுப்பணத்தில் கொடுக்கலாமா, வாக்காளர் மனசு மாறுமா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேசியது எல்லாம் பெட்டி வீட்டுக்குள் வருவதைப் பற்றியே. திண்ணையிலும் சரி, பத்திரிகையிலும் சரி, இந்தப் பெட்டிகள் ஒருநாள் நின்றுபோகுமே, அப்போது எங்கே போகும் என்ற பேச்சு என் காதில் விழவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழக்கதோஷம். 14 அங்குலப் பெட்டி ஒன்று 10 கிலோ என்று வையுங்கள். ஒன்றரைக் கோடி பெட்டி 15 கோடி கிலோ. அதாவது 1,50,000 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 15,000 லாரி. ஒரு லாரிக்குப் பத்து மீட்டர் இடம் விட்டு, திருவண்ணாமலையில் ஆரம்பித்து நம் ஊர், செஞ்சி, திண்டிவனம் வழியாக வரிசையாக நிறுத்தினால் கடைசி லாரி செங்கல்பட்டைத் தாண்டி நிற்கும். இது இலவசப் பெட்டிகள் மட்டும். நாமே காசு கொடுத்து வாங்கிய 20, 21, 29 அங்குலங்கள் தனி.

சரி, எடை போகட்டும். இரும்பும்தான் எடை. பிரிட்ஜ், வாஷிங் மிஷின் கெட்டுப்போனால் பழைய இரும்புக்காரர் சிரித்த முகத்தோடு எடுத்துக்கொள்கிறாரே, டிவிக்கு மட்டும் ஏன் முகத்தைத் திருப்புகிறார்? (பழைய பிரிட்ஜில் ஓசோனைக் கெடுக்கும் வாயு இருந்தது வேறு கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) பிரிட்ஜில் தகரமும் செம்பும் கம்ப்ரெசரும் கிடைக்கும். குழாய் டிவியில் பாதிக்கு மேல் கண்ணாடி. அந்தக் கண்ணாடிதான் சிக்கல்.

பிக்சர் டியூப் என்பது காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. பின்னால் ஒல்லியான கழுத்து, நடுவில் புனல் மாதிரி விரியும் உடம்பு, முன்னால் நாம் பார்க்கும் முகம். கழுத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு, முகத்தின் உள்பக்கம் பூசிய பவுடரில் மோதும். மோதுகிற இடம் சிவப்பு, பச்சை, நீலமாக ஒளிரும். இவ்வளவு வேகத்தில் எலக்ட்ரான் மோதினால் ஒளியோடு கொஞ்சம் எக்ஸ்ரே கதிரும் பிறக்கும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் ஈயத் தகடு வைத்திருப்பார்களே, அதே காரணத்துக்காக டியூபின் கண்ணாடியிலேயே ஈயத்தைக் கலந்தார்கள். முகத்துக் கண்ணாடியில் ஈயம் போட்டால் நாளடைவில் பழுப்பாகும் என்பதால் அங்கே பேரியம், ஸ்ட்ரான்ஷியம். புனலிலும் கழுத்திலும் ஈயம். புனல் கண்ணாடியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேலே, ஈய ஆக்சைடு.

ஈயம் என்றதும், ரசம் வைக்கிற ஈயச்சொம்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! நம் தமிழில் ஈயம் இரண்டு. சொம்புக்கும், பித்தளைக்குள் பூசுவதற்கும் உள்ளது வெள்ளீயம். டிவி கண்ணாடியில் இருப்பது காரீயம், அதாவது வேறொரு உலோகம். (சொம்பு வாங்கும்போது காரீயம் கலக்காததா என்று கேட்டு வாங்குவது நல்லது.)

ஒரு சின்னப் பெட்டிக்குக் கால் கிலோ காரீய ஆக்சைடு என்று குறைவாகவே வைத்தாலும், ஒன்றரைக் கோடி பெட்டிக்கு 3,750 டன். பெட்டி முழுசாக இருக்கும்வரை அது கண்ணாடிக்குள் அடங்கிக் கிடக்கும், யாரையும் ஒன்றும் செய்யாது. பரணில் இருக்கும் பெட்டியால் ஆபத்தில்லை, பயப்பட வேண்டாம். உடைத்துத் தூளாகும்போதும், குப்பை மேட்டில் கிடந்து மழையிலும் குப்பைச் சாற்றிலும் ஊறும்போதும்தான் அது வெளியே வரும்.

முன்பு இதற்கும் ஒரு வழி இருந்தது. பழைய டியூபின் கண்ணாடியைக் கழுவி உருக்கிப் புது டியூப் செய்வார்கள். நம் நாட்டிலேயே டியூப் செய்த தொழிற்சாலைகள் இருந்தன. தட்டை டிவி விலை இறங்கியதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகம் முழுவதுமே குழாய் டிவி முடிந்த கதை. புது டியூப் செய்ய யாரும் இல்லை என்றால் பழைய கண்ணாடி யாருக்கு வேண்டும்? அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், மறுசுழற்சி செய்வதாகச் சொல்லி வாங்கிய ஒரு கம்பெனி கோடிக்கணக்கான கிலோ டியூப் கண்ணாடியைக் கிடங்குகளில் குவித்துவிட்டுத் தொழிலை மூடிக்கொண்டு போனது. எல்லா வசதியும் உள்ள நாட்டில் அந்த நிலைமை. உலகம் முழுவதும் 2022-ல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதன் தேதியைக் கவனியுங்கள். மின்னணுக் கழிவுகளுக்கான இந்தியாவின் முதல் தனி விதிகள் வெளியான நாள் 2011 மே 12. தமிழ்நாட்டில் ஓட்டு எண்ணியது மறுநாள், மே 13. இலவச டிவி கொடுத்த ஆட்சி முடிந்த அதே வாரத்தில்தான், பொருளைச் செய்தவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்று மத்திய அரசு சொன்னது. நடைமுறைக்கு வந்தது 2012 மே 1. நம் ஒன்றரைக் கோடியும் அதற்கு முன்பே வீடு சேர்ந்துவிட்டன. விதிக்கு முந்தைய கழிவுக்கும் ஒரு பெயர் கொடுத்துப் பொறுப்பை எழுதித்தான் வைத்தார்கள். 2016-ல் வந்த விதிகளில் மூடிப்போன கம்பெனிகளின் பொருட்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. தமிழில் சொன்னால், அநாதைப் பொருட்கள். கழிவைப் பற்றிய சட்டத்தில் எனக்கு மனசைத் தொட்ட ஒரே சொல் அது!

இப்போது நடப்பில் இருப்பவை 2022-ன் விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல். கம்பெனிகள் தங்கள் பொறுப்பை நிறைவேற்றியதற்கு மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய உலோகங்களை மீட்ட கணக்கில் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டியூப் கண்ணாடியைக் கையாள்வது செலவு. அதற்கு யார் காசு தருவார்? தங்கம் இருக்கும் செல்போனைத் தேடி ஆள் வருவார். கீழ்பென்னாத்தூர் பரணில் இருக்கும் பத்து கிலோ கண்ணாடியைத் தேடி யார் வருவார்?

இங்கேதான் தபால் ஆபீஸ் வருகிறது. ஜப்பானில் 2001 ஏப்ரலிலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. டிவி, பிரிட்ஜ், வாஷிங் மிஷின், ஏ.சி. இவற்றைக் குப்பையில் போட முடியாது. அவற்றைக் கழிப்பவர் மறுசுழற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். கடையில் கட்டலாம், தபால் ஆபீசிலும் கட்டி ஒரு சீட்டு வாங்கிப் பெட்டிமேல் ஒட்டலாம். சீட்டு ஒட்டிய பெட்டி தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும். நாம் பெட்டி உள்ளே வருவதற்குத் தபால் ஆபீசில் பணம் கட்டினோம். அவர்கள் வெளியே போவதற்குக் கட்டுகிறார்கள். பணம் கட்டச் சொன்னால் நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் வீசிவிடுவார்கள் என்று என் தம்பி சொல்கிறான். ஜப்பானிலும் அப்படி வீசுபவர்கள் உண்டு. ஆனாலும் அங்கே பெட்டிக்கு ஒரு வழி இருக்கிறது. இங்கே கட்டத் தயாராக இருப்பவருக்கும் வழி கண்ணில் படுவதில்லை.

அரசாங்கக் கட்டடங்களில் இருக்கும் பெட்டிகளுக்கு இன்னும் கஷ்டம். ஆசிரியர்களுக்குத் தெரியும், இருப்புப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. ரேடியோ-கேசட் பெட்டி, டிவி, கணினி, எது வந்தாலும் அதில் ஏறும். ஏறுவதற்கு ஒரு கையெழுத்து, இறங்குவதற்குப் பல கையெழுத்து. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஓடாத டிவிக்கு ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் மாறிப் போகும்போது "பெற்றுக்கொண்டேன்" என்று அடுத்தவர் எழுதிக் கொடுப்பார். நான்கு பேர் காலத்தில் அது அலமாரி மேலேயே இருந்தது. குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் போனது. பதிவேட்டில் மட்டும் "நல்ல நிலையில்."

இனி, கொஞ்சம் கஷ்டமான பகுதி.

என்னிடம் மூன்று, நான்கு வகுப்புகள் படித்த ஒரு பையன். எட்டாவதோடு நின்றுவிட்டான். இன்று நாற்பதை நெருங்கும் மனிதர், ஆனாலும் எனக்குப் பையன்தான். பழைய இரும்பு, பிளாஸ்டிக் வியாபாரம். முதலில் சைக்கிள், பிறகு தட்டு வண்டி, இப்போது மினி வேன். இரண்டு வருஷம் முன்பு ஏரிக்கரைப் பக்கம் நடைப்பயிற்சி போனபோது புகையைப் பார்த்துப் போனால், அவன்தான். கருவேல மரத்தடியில் ஏழெட்டு டிவி பெட்டி கவிழ்த்துக் கிடக்கிறது. பின்மூடியைக் கழற்றுகிறான், அது பிளாஸ்டிக் கணக்கு. கழுத்தில் இருக்கும் யோக் காயிலை உருவுகிறான், டியூபைச் சுற்றி இருக்கும் காயிலை அறுக்கிறான், இரண்டும் செம்பு. போர்டைத் தனியாகப் போடுகிறான். பிறகு ஒரு இரும்புத் துண்டால் டியூபின் கழுத்தில் ஒரு தட்டு. புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம். அப்புறம் கல்லால் அடித்து உடைத்து, உள்ளே இருக்கும் சல்லடை மாதிரித் தகட்டையும் வெளிச்சுற்று இரும்புப் பட்டையையும் எடுக்கிறான். ஒயர்களைக் குவித்துக் கொளுத்துகிறான், செம்பு எடுக்க. கண்ணாடி அங்கேயே கிடக்கிறது. கரையிலிருந்து தண்ணீர்வரை கறுப்பும் சாம்பலுமாகச் சில்லு. பக்கத்தில் அவன் மகன், ஏழு வயசு, முகத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பவுடரை விரலால் வழித்துக் கல்லில் பொட்டு வைத்து விளையாடுகிறான்.

"வாங்க டீச்சர்" என்று எழுந்து நின்றான். கையெல்லாம் கீறல். நான் கேட்டேன், "இது என்ன கண்ணாடின்னு தெரியுமா?" "கெட்டிக் கண்ணாடி டீச்சர். எடைக்கு யாரும் எடுக்க மாட்டாங்க. அதான் இங்கயே போட்டுட்டுப் போறது."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பெட்டியை நூறு ரூபாய்க்கு வாங்கி, அரை நாள் உடைத்து, செம்பும் இரும்புமாக அவனுக்கு என்ன மிஞ்சும்? நாம் பெட்டியை அவன் வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டோம். நம் பரண் காலியானதற்கான வேலையை அவன் கரையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தான்.

காரீயம் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்வது, இவ்வளவு வரை உடம்புக்குள் போனால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணைத் தொட்ட விரலை வாயில் வைத்தால் போதும். ரத்தத்தில் கலந்து எலும்பில் போய்த் தங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கவனம் சிதறும், படித்தது நிற்காது, எரிச்சல் வரும். இதற்காகத்தான் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு பெட்ரோலிலிருந்து காரீயத்தை எடுத்தார்கள். 2017-லிருந்து பெயின்ட்டில் அதற்கு வரம்பு வைத்தார்கள். அந்த மகனைப் பற்றி அவன் வகுப்பு ஆசிரியையிடம் விசாரித்தேன். "மந்தம் டீச்சர், சொன்னது எதுவும் மண்டையில ஏறாது" என்றார். ஆயிரம் காரணம் இருக்கலாம். ரத்தம் சோதித்துப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வகுப்புகளில் எத்தனை "மந்தங்கள்" என்ன வேலை செய்யும் வீட்டிலிருந்து வந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, கரும்பலகை இல்லாமலே ஒரு பாடம் நடத்தினேன். டியூபை உடைக்காதே, செம்பை எடுத்துக்கொண்டு டியூபை முழுசாக வை, ஒயரைக் கொளுத்தாதே, உரித்து எடு, பிள்ளையைக் கூட்டிப் போகாதே. முதல் மூன்றுக்குத் தலையைச் சொறிந்தான். கடைசியைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. மகனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் இதைச் சொல்லிக் காட்டினோம். ஏரிக்கரைக்கு அவன் பிள்ளையை அழைத்துப்போவது அன்றோடு நின்றது.

ஓசூர் பெண்ணுக்கு என் பதில் இதுதான். பெட்டியை நீங்களே பிரிக்கக் கூடாது. நிறுத்தி வைத்த பெட்டியிலும் மின்சாரம் தங்கியிருக்கலாம், டியூப் வெடித்துக் கண்ணாடி தெறிக்கலாம். புது டிவி வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கடை இருந்தால் விலை பார்க்காமல் கொடுத்துவிடு, ஆனால் அவர்கள் யாரிடம் தருகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேள். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கிறது. பலர் சென்னையைச் சுற்றி, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம். ஒரு பெட்டிக்காக அவர்கள் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள்.

அதனால் இப்போது நம் பையனின் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறோம். தகரக் கூரை, அடியில் சிமெண்ட் தரை, மழை படாது. உடைக்காத டியூபுகளைச் சாக்கு போட்டுச் சுற்றி வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் எண்ணினோம், 43. பட்டியலில் இருந்த ஒரு மறுசுழற்சியாளரிடம் போனில் பேசினேன். ஒரு லாரி நிறையச் சேர்ந்தால் வருகிறோம், டியூபுக்குக் காசு கிடையாது, வண்டி வாடகையில் ஒரு பங்கு நீங்கள் தர வேண்டும் என்றார்கள். நியாயம்தான். வாடகையில் என் பங்கைப் பென்ஷனில் எடுத்து வைத்துவிட்டேன்.

கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், மங்கலம், அவலூர்பேட்டை பக்கம் வீட்டில் குழாய் டிவி வைத்திருப்பவர்கள் கீழே ஊர்ப் பெயரும் எத்தனை பெட்டி என்பதும் மட்டும் எழுதுங்கள். அவன் வேனிலேயே வந்து எடுத்துக்கொள்வான். டீசல் காசு மட்டும் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். தீபத்துக்குக் கூட்டம் வந்து போன பிறகு ரோடு காலியாகும். அந்த வாரத்தில் லாரியை வரச்சொல்லலாம் என்றிருக்கிறேன்.